மூத்தோரைக் கேட்டறியும் கல்வி

சீராக்கின் ஞான நூலில் பெற்றோரை மதிப்பது பற்றிக் கூறும் மூன்றாம் அதிகாரத்தை, திருக்குடும்ப விழாவன்று திருப்பலி வாசகமாக நம்மில் பலரும் கேட்டிருப்போம். முதுமையுற்ற தந்தைக்கு உதவ வேண்டும் என்று சொல்வதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. அவருடைய அறிவு குன்றிப்போகும் காலத்தையும் அது எண்ணிப் பார்க்கிறது. அப்போதும் அவரிடம் பொறுமை காட்ட வேண்டும், உடல் வலிமையோடிருக்கும் பிள்ளை அவரை இகழலாகாது என்று அறிவுறுத்துகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல் அது. அறிவு தளர்ந்த தந்தையரும், அவர்கள்பால் சலிப்புற்ற மக்களும் அன்றும் இருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாட்றாம்பாளையத்தில் பங்குப் பணியேற்ற நாள்முதல், வீடு சந்திக்கச் செல்லுமிடமெல்லாம் நாம் கேட்டுவரும் சொல் ஒன்றுண்டு. திண்ணையிலோ, மாட்டுக்கொட்டகையை ஒட்டிய கட்டிலிலோ படுத்திருக்கும் முதியவரைச் சுட்டி, "இவருக்கு என்ன செய்கிறது?" என்று வினவினால், "ஒண்ணுமில்ல சாமி, வயசானா அப்படித்தான்" என்பார்கள். சொல்பவர் கல்நெஞ்சர் அல்லர். வேளை தவறாமல் கேழ்வரகுக் களி கிண்டிக் கொடுப்பவர். இரவில் இருமுறை எழுந்து பார்ப்பவர். ஆயினும் அச்சொல்லுக்குப் பிறகு கேள்விக்கு இடமில்லாமல் போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எதனால் என்று கேட்கிறோம். பசு கறவை குறைந்தால்கூட எதனால் என்று கேட்கிறோம். எண்பது வயதுத் தாய் தன் மகனின் பெயரைத் தடுமாறிச் சொல்லும்போது மட்டும் நாம் கேட்பதில்லை. அவ்வாறு கேட்பதையே தம் வாழ்நாள் கல்வியாகக் கொண்டோர் சிலர் உளர். அவர்களுடைய பணியும் நான்காம் கட்டளையின் ஒரு வடிவமே என்பதை வாசகர்களுடன் எண்ணிப் பார்க்கவே இதனை எழுதுகிறோம்.

எம் பங்கின் நிலத்தை அறியாதோர்க்கு ஒரு சொல். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில், மலைகளுக்கிடையே அமைந்தது நாட்றாம்பாளையம். காவிரிக்கு அப்பால் கர்நாடகம். இளைஞர்கள் தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்குப் பேருந்தேறி, 1970களிலும் 1980களிலும் எழுந்த தொழிற்சாலைகளிலும், அவற்றைச் சார்ந்து பெருகிய சிறு ஆலைகளிலும் வேலை செய்கிறார்கள். வாரத்துக்கொருமுறை, சிலர் மாதத்துக்கொருமுறை வீடு திரும்புகிறார்கள். ஊரில் எஞ்சியிருப்போர் முதியோரும், அவர்களைப் பேணும் பெண்களும். மொழியோ ஒன்றன்று. வீட்டில் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசுவோர் உண்டு. தளிப் பக்கம் உறவு வைத்தோர் தெலுங்கும் பேசுவர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தி மும்மொழியிலும் பேரம் பேசுவதை இங்கே வியப்போடு பார்ப்பார் எவருமில்லை.

காவிரிக்கு அக்கரையில் பிறந்து, இளமையில் கூலிக்காக இப்புறம் வந்து, இங்கேயே மணமுடித்துத் தமிழராகவே வாழ்ந்த முதியவர் ஒருவர் எம் பங்கில் இருந்தார். கடைசி ஆண்டுகளில் அவருடைய பேச்சு குழம்பிற்று. "என்னமோ உளர்றாரு சாமி, தண்ணி கேக்கறாருன்னு கொடுத்தா தட்டி விட்டுட்டுக் கோவப்படறாரு" என்று மருமகள் முறையிட்டார். அவர் தருமபுரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், கன்னடம் அறியாதவர். ஒரு மாலை நாம் அருகிலிருந்தபோது முதியவர் மீண்டும் அதையே சொன்னார். "எத்துகளிகெ நீரு குடிசிதியா?" உழவு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினாயா என்பதே அவர் கேள்வி. மாடுகளை விற்றுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் தாகத்தில் நின்றவை மாடுகள். மருமகள் நீட்டிய குவளையோ அவருக்கு. கோபம் வாராதா? "குடிசிதே" என்று ஒரு சொல்லை மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். அன்றிலிருந்து அக்கேள்வி எழும்போதெல்லாம் அவர் அச்சொல்லைச் சொன்னார், மாமனாரும் அமைதியடைந்தார். நோய் நீங்கவில்லை. ஆனால் உளறல் என்று நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தது ஒரு பொறுப்புள்ள குடியானவனின் கவலை என்பது அவ்வீட்டாருக்கு விளங்கிற்று.

இது ஒரு வீட்டின் செய்தி. நாடு முழுவதையும் நோக்கினால் எண்ணிக்கை நம்மைத் திகைக்க வைக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே, அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் 10 கோடிக்கு மேல் இருந்தனர். 2023இல் வெளிவந்த ஒரு நாடு தழுவிய ஆய்வு, அறுபதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருக்கக்கூடும் என்றும், அவர்கள் தொகை ஏறக்குறைய 88 லட்சம் என்றும் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடச் சிற்றூராரிடமும் அது மிகுதியாகக் காணப்பட்டது. கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு: நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு அந்நோய் இல்லை. ஆகவே, 'வயசானா அப்படித்தான்' என்பது கணக்குப்படியும் மெய்யன்று.

எம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி, உளவியலில் முதுகலை முடித்தவள், சில மாதங்களுக்கு முன் தன் தந்தையோடு பங்கு இல்லத்துக்கு வந்தாள். முதியோரின் நினைவாற்றலையும் அறிவாற்றலையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற வேண்டும், பின்னர் அத்துறையிலேயே ஆசிரியப் பணியாற்ற வேண்டும் என்பது அவள் விருப்பம். ஓசூரில் ஒரு தொழிலகத்தில் பணிபுரியும் தந்தைக்கோ அதில் உடன்பாடில்லை. நாம் அவளுக்கு அறிவுரை கூறி மனத்தை மாற்ற வேண்டும் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். ஐந்தாறு ஆண்டுகள் படிப்பு. முடித்தபின் வேலைக்கு உறுதியில்லை. அதற்குள் திருமண வயது கடந்துவிடும். இவையெல்லாம் எந்தத் தந்தையும் சொல்லக்கூடியவை. ஆனால் இறுதியாக அவர் சொன்னது நம்மைச் சிந்திக்க வைத்தது: "சாமி, எங்கம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாத்தறது இவதான். இவ போயி ஊர்ல இருக்கிற கிழவிகளை எல்லாம் ஆராய்ச்சி பண்ணுவா. எங்கம்மாவை யாரு பாக்கிறது?"

பெண் தலைகுனிந்தபடியே விடையிறுத்தாள்: "ஆயாவைப் பாத்ததனாலதான் ஃபாதர் எனக்கு இந்த எண்ணமே வந்தது." இடுப்பெலும்பு முறிந்து நடமாட்டம் குன்றியபின் அப்பாட்டியை நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். அங்கே நினைவாற்றலைச் சோதிக்க, இன்று என்ன தேதி, என்ன மாதம் என்று கேட்டார்கள். ஒரு வரியைப் படிக்கச் சொன்னார்கள். பென்சிலைக் கொடுத்து ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். வாழ்நாளில் பென்சில் பிடித்தறியாத கை அது. மதிப்பெண் மிகக் குறைவாகப் பதிவாயிற்று. "ஆயாவுக்குத் தேதி எப்பவுமே தெரியாது ஃபாதர். அமாவாசை எப்பன்னு கேட்டிருந்தா சொல்லியிருக்கும்" என்றாள் அப்பெண்.

அவள் விட்டுச்சென்ற நூல்களையும் கட்டுரைகளையும் சில வாரங்கள் இரவில் அமர்ந்து படித்தோம். குருமடத்தில் பயின்ற மெய்யியலும் இறையியலும் இத்துறைக்கு நேரடியாக உதவா. எனினும், நாம் புரிந்துகொண்ட அளவில் சிலவற்றை இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, வயது மனத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஒரு நாளில் கண்டறிய இயலாது. இருபது வயதுப் பேத்தியையும் எழுபது வயதுப் பாட்டியையும் பக்கத்தில் அமர்த்திச் சோதித்தால் பேத்தியே வெல்வாள். வேறுபாடு முழுவதும் வயதால் வந்தது என்று முடிவு கட்டலாமா? பேத்தி பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றவள். பாட்டி ஆடு மேய்த்தவள். ஐம்பது ஆண்டு வயதோடு ஐம்பது ஆண்டு வரலாறும் அவர்களுக்கிடையே நிற்கிறது. அமெரிக்காவில் வார்னர் ஷாய் என்னும் ஆய்வாளர் இச்சிக்கலை உணர்ந்தார். அவர் ஜெர்மனியில் பிறந்த யூதர். சிறுவனாயிருந்தபோதே நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஷாங்காய்க்கு ஓடியவர். 1956இல் சியாட்டில் நகரில் தம் முனைவர் பட்டத்துக்காக ஐந்நூறு பேரைச் சோதித்தார். வழக்கம்போல் பட்டம் பெற்றதும் ஏட்டை மூடிவிடவில்லை. ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மனிதரிடம் திரும்பிச் சென்றார். ஒவ்வொரு முறையும் புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார். அவ்வாய்வு அரை நூற்றாண்டைத் தாண்டி நீண்டது. ஒருநாள் ஒப்பீடு காட்டும் அளவுக்கு மனிதரின் அறிவாற்றல் சரிவதில்லை என்பதும், விரைந்து செயல்படும் திறன் முன்னரே குறையினும் சொல்லாட்சி போன்றவை நடுவயதிலும் வளர்ந்து அறுபதுகள் வரை பெரும்பாலும் நிலைக்கின்றன என்பதும் அதனால் தெளிவாயின. அவரும் அவர் துணைவியார் ஷெர்ரி வில்லிஸும், திறன் குன்றிய முதியோருக்குப் பயிற்சியளித்தபோது பலர் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டார்கள் என்பதையும் கண்டனர்.

இரண்டாவது, கேட்கும் முறை தவறானால் கிடைக்கும் விடையும் தவறாகும். உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் முப்பது மதிப்பெண் நினைவுச் சோதனை ஒன்று 1975இல் அமெரிக்காவில் உருவானது. அது பள்ளி சென்றவருக்கு ஏற்றது. 1990களில் அரியானா மாநிலத்தின் பல்லப்கர் பகுதிச் சிற்றூர்களில் மேரி கங்குலி முதலிய ஆய்வாளர்கள் அதனை எழுத்தறியாதோருக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய் என்பதற்குப் பதிலாக, என் முகத்தைப் பார்த்து நான் செய்வதுபோல் செய் என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினார்கள். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதிலாக, உன் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல் என்றார்கள். இது எளிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் முதியவர் வந்து எங்கள் காகிதத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற நிலை மாறி, எங்கள் காகிதம் முதியவருக்குப் பொருந்த வேண்டும் என்ற நிலை அங்கே பிறந்தது. அமாவாசையைக் கேட்டிருக்கலாம் என்று எம் பங்குப் பெண் சொன்னதும் இதையேயன்றோ?

மூன்றாவது செய்தி எம் எல்லைப் பகுதிக்கே எழுதப்பட்டதுபோல் இருந்தது. கனடாவில் எல்லன் பியாலிஸ்டாக் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், இருமொழி பேசுவோரிடம் மறதிநோயின் அறிகுறிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தாமதித்துத் தோன்றுகின்றன என்று 2007இல் எழுதினார்கள். ஆனால் அங்கே இருமொழியாளர் பலரும் வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். தாமதத்துக்கு மொழி காரணமா, குடியேறிய வாழ்க்கை காரணமா என்னும் ஐயம் எழுந்தது. விடை ஹைதராபாத்திலிருந்து வந்தது. அங்கே நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் மருத்துவராயிருந்த சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும், மறதிநோயுற்ற 648 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். தெலுங்கும் உருதுவும் இந்தியும் தெருவிலேயே கலந்து ஒலிக்கும் ஊர் அது; அங்கே இருமொழி பேசுபவர் குடியேறியவராயிருக்க வேண்டியதில்லை. இருமொழியாளரிடம் நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் பிந்தித் தொடங்கியது. எழுத்தறியாதோரிடமும் அவ்வேறுபாடு காணப்பட்டது. இரண்டுக்கு மேல் மொழிகள் அறிந்ததால் கூடுதல் நன்மை எதுவும் தென்படவில்லை. பிற்காலத்து ஆய்வுகள் எல்லாம் இதனை ஒருமுகமாக ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் ஒன்று தெளிவு. 'எழுத்து வாசனையற்றவள்' என்று நாம் ஒதுக்கிய பாட்டி, சந்தையில் கன்னடமும் வீட்டில் தமிழும் மாற்றி மாற்றிப் பேசியபோது தன் மூளைக்குக் கல்வி ஊட்டிக்கொண்டிருந்திருக்கலாம். அதை நமக்குச் சொல்ல ஓர் இந்திய மருத்துவரின் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது.

அடுத்த வீடு என்று சொல்லத்தக்க தொலைவிலேயே மற்றொரு பெருமுயற்சி நடைபெறுகிறது. கிருட்டிணகிரியைப் போலவே மாம்பழத்துக்குப் பெயர்பெற்றது, நம்மோடு எல்லையைப் பகிரும் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம். அவ்வட்டத்துச் சிற்றூர்களில் 45 வயதைக் கடந்த பதினாயிரம் பேரை நீண்டகாலம் பின்தொடரும் ஆய்வை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி மையம் 2018இல் தொடங்கிற்று. குருதி, நடை, நினைவு, மூளையின் படம் என யாவும் பதிவு செய்யப்படுகின்றன. நோய் வந்தபின் பார்ப்பதன்று. வருவதற்கு முன்பே, நலமாயிருப்போரைப் பார்த்து வைப்பது. அம்மையத்தின் முதல் இயக்குநர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பயின்று, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஆய்வு செய்து திரும்பியவர். 1986இல் பெங்களூரு நிம்ஹான்சில் சேர்ந்தார். மருந்துகளை மூளை எவ்வாறு மாற்றுகிறது என்னும் நுண்ணிய வேதியியலில் தொடங்கிய அவர் பணி, அரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை உருவாக்குவதிலும், பின்னர் சீனிவாசபுரத்துக் குடியானவரின் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. சோதனைக் குழாயிலிருந்து வீட்டு வாசலுக்கு வரப் பல்லாண்டுகள் பிடித்தன என்று இதைப் பார்க்கலாம். அவ்விரண்டும் ஒரே பணி என்றும் பார்க்கலாம்.

தமிழகத்தில் இப்பாதையை முதலில் வெட்டியவர் மருத்துவர் வி.எஸ். நடராசன். முதியோருக்கென்று தனி மருத்துவம் எதற்கு என்று கேட்கப்பட்ட காலத்தில், 1978இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறையில் எம்.டி. பட்டப் படிப்பே தொடங்கிற்று. இடையே பதினெட்டு ஆண்டுகள்! ஒரு துறைக்கு அங்கீகாரம் கிடைக்க ஒருவர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியுள்ளது என்பதைப் பாருங்கள்.

கத்தோலிக்க வாசகர்கள் அறிய வேண்டிய ஆய்வு இன்னொன்றும் உண்டு. 1986இல் டேவிட் ஸ்நோடன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், நோட்ர டேம் பள்ளிச் சகோதரிகள் சபையின் கதவைத் தட்டினார். ஒரே உணவு, ஒரே உறைவிடம், ஒரே ஒழுங்கு கொண்ட கன்னியர் முதுமையை ஒப்பிடுவதற்கு ஏற்றவர்கள் என்பது அவர் எண்ணம். எழுபத்தைந்து வயதைக் கடந்த 678 சகோதரிகள் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படவும், இறப்புக்குப்பின் தம் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் இசைந்தார்கள். வார்த்தைப்பாடு கொடுக்குமுன் இருபது வயதையொட்டி அவர்கள் எழுதிய சிறு தன்வரலாறுகள் மடத்துப் பெட்டியில் கிடைத்தன. இளமையில் கருத்துச் செறிவோடு எழுதியவர்கள் முதுமையில் பெரும்பாலும் தெளிவோடிருந்தார்கள் என்று 1996இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம்மை நெகிழச் செய்தது மற்றொரு செய்தி. நூறு வயதைக் கடந்து தெளிந்த அறிவோடு இறந்த ஒரு சகோதரியின் மூளையைத் திறந்து பார்த்தபோது, அல்சைமர் நோயின் தடயங்கள் அதில் நிரம்பியிருந்தன. மூளையின் சிதைவும் மனிதரின் சிதைவும் ஒன்றல்ல என்பதற்கு அச்சகோதரி தம் உடலாலேயே சான்று பகர்ந்தார். உயிரோடிருந்தபோது தம்மைக் கொடுத்தவர்கள், இறந்தபின்னும் முன்பின் அறியாத முதியோருக்காகத் தம்மைக் கொடுத்தார்கள்.

இக்கல்வியின் கடினத்தையும் மறைக்கலாகாது. அல்சைமர் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. தாம் தேடும் விடை தம் காலத்திலேயே கிட்டும் என்று எந்த ஆய்வாளரும் உறுதி கூற இயலாது. ஏழாண்டு கழித்துச் சந்திக்கச் செல்லும்போது பட்டியலிலுள்ள பெயர்களில் பல கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். உதவித்தொகை காலந்தாழ்ந்து வரும். நிரந்தரப் பணி அரிது. விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்னும் நற்செய்தியின் கருத்து இத்துறைக்கு மெத்தப் பொருந்தும்.

அத்தந்தையின் கேள்விக்கு இவை எதுவும் விடையாகா. "எங்கம்மாவை யாரு பாக்கிறது?" ஆண்டவர் இயேசுவே இக்கேள்வியைக் கையாண்டிருக்கிறார். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தோரை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். கடவுளுக்குரிய காணிக்கையே பெற்றோரைக் கைவிடச் சாக்காகக்கூடாது என்றால், முதியோர் பற்றிய ஆராய்ச்சி சாக்காகலாமா? உலகத்து முதியோர் எல்லாரையும் நேசித்து வீட்டுக் கட்டிலில் இருப்பவரை மறப்பது நேசமன்று.

இதனை அப்பெண்ணிடம் சொன்னோம்; அவள் ஏற்றாள். ஆனால் அதே வசனத்தின் மறுபக்கத்தைத் தந்தையிடமும் சொன்னோம். பாட்டிக்கு மூன்று ஆண்மக்கள். மூவரும் ஓசூரிலும் பெங்களூரிலும் உழைக்கிறார்கள். தொழிற்சாலையின் பணிமுறையும் வீட்டு வாடகையும் அவர்களுடைய காணிக்கையாகிவிட்டன. கட்டளை மக்களுக்கு; அதைச் சுமப்பவளோ மணமாகாத பேத்தி ஒருத்தி. இதை நீதி என்போமா? தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பிங்களைக் கூப்பிட்டுப் பேசணும் சாமி" என்றார். பங்கு இல்லத்திலேயே மூவரும் கூடினர். பகல் வேளையில் துணையிருக்க ஊரிலேயே ஒரு கைம்பெண்ணை ஊதியத்துக்கு அமர்த்துவதென்றும், செலவை மூவரும் பங்கிடுவதென்றும், ஞாயிறுதோறும் ஒரு மகன் முறைவைத்து வந்து தாயைத் தம் கையால் குளிப்பாட்டுவதென்றும் முடிவாயிற்று. முதல் ஞாயிறு வந்த இளைய மகனுக்குத் தாயின் தலையை எப்படித் துவட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. அண்ணன் மகளே கற்றுக்கொடுத்தாள். எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லமாட்டோம். ஒரு மகன் இருமுறை வரத் தவறினார். ஆயினும் விண்ணப்பத்தில் தந்தை கையொப்பமிட்டார்; இதை எழுதும் வேளையில் அப்பெண் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இறையியல் பயின்றவன் என்ற முறையில் இன்னும் ஒரு சொல். நினைவே மனிதரை மனிதராக்குகிறது என்று அறிஞர் சிலர் வாதிடுவர். அவ்வாறாயின் நினைவிழந்தவர் யார்? திருமுழுக்கில் குழந்தைக்குப் பெயரிடுகிறோம். அக்குழந்தைக்கு அன்று தன் பெயர் தெரியாது. பெற்றோரும் ஞானப் பெற்றோரும் திருச்சபையும் அதற்காக நினைவில் வைத்துக்கொள்கிறோம். வாழ்வின் மறுமுனையிலும் அவ்வாறே. தம் பெயரை மறந்தவருக்காக அதனை நினைவில் வைத்திருப்பது சமூகத்தின் கடமை. தாய் தன் சேயை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று எசாயாவின் வழியாக ஆண்டவர் தரும் வாக்குறுதி, நினைவிழந்த தாய்மாருக்கும் உரியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தியதும் இந்நோக்கத்தோடுதான்.

வாசகர்களுக்கு, ஆராய்ச்சி மாணவராகாமலேயே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். மறதி தொடங்கும்போதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறை, பி12 சத்துக்குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் பின்விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. செவி மந்தமானவரை மறதிக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவர் தேதியைக் கேட்டால், இவர் பள்ளி சென்றதில்லை என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் தந்தையோ தாயோ சிறுவயதில் எம்மொழி பேசினர், எந்தத் தொழில் செய்தனர், மாடுகளுக்கு என்ன பெயர் வைத்தனர் என்பவற்றை அவர் சொல்லக்கூடிய நாளிலேயே கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். பின்னொரு நாள் மருமகளுக்கோ செவிலியருக்கோ அவ்வேடு உதவும்.

உங்கள் மகனோ மகளோ இக்கல்வியை விரும்பினால், அது பணம் தராத படிப்பு என்று உடனே தள்ளிவிடாதீர்கள். மருத்துவம், உளவியல், சமூகப் பணி, செவிலியம், புள்ளியியல் என எவ்வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம். கன்னடமும் தெலுங்கும் தமிழும் அறிந்த எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு, அம்மூன்று மொழிகளிலும் முதியோரைக் கேட்டறியும் வாய்ப்பு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அவர்களை அனுப்பி வையுங்கள். அவர்கள் திரும்பி வரும்வரை, வீட்டிலுள்ள முதியவரைப் பேணும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.